கோப்பியின் பின்னங்கால்கள்

அன்று காலை என் மனைவி தாமரை எஞ்சின் அறை ஜன்னலுக்கு வந்து தலைத்துண்டை நீட்டினாள். மழைக்காலத்தில் மலையில் எந்தத் துணியும் காயாது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் ஈரத்துண்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார்கள். தேயிலை ஃபாக்டரியை ஓட்டும் எஞ்சினின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டுத் திருப்பித் தருவேன். அவள் தன்னுடையதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ரொம்ப வாட்டிட்டீங்க. காது வெந்துரும்."

"பனியில ரெண்டு நிமிஷத்துல ஆறிரும், போ."

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கூடையை முதுகில் மாட்டினாள். கோப்பி எழுந்து உடம்பை உதறிவிட்டு அவள் பின்னால் போனது. பனியில் முதலில் அவள் மறைந்தாள். நாயின் வால் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

1978 நவம்பர், தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம். பத்து மணி வாக்கில் ஒன்பதாம் நம்பர் வயலுக்கு மேலே இருந்த சரிவு இறங்கிவிட்டது. மற்றப் பெண்கள் கொழுந்து நிறுக்க ரோட்டுக்கு இறங்கியிருந்தார்கள். கடைசி வரிசையின் முனையில் தாமரை மட்டும் இருந்திருக்கிறாள். நாங்கள் ஓடிப்போனபோது எது மலை, எது சரிந்த மண் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி பனி. குரைப்புச் சத்தத்தை வைத்துத்தான் போனோம். கோப்பியின் முன்பாதி மண்ணுக்கு வெளியே இருந்தது. பின்பாதிமேல் ஒரு பாறை. அது எங்களைப் பார்க்கவே இல்லை. தனக்குப் பக்கத்தில் இருந்த மண்ணைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தைத் தோண்டினோம். அவள் அங்கேதான் இருந்தாள்.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வராது.

கோப்பி என்ற பெயர் அவள் வைத்தது. குட்டியாக இருந்தபோதே கடைக் கோப்பியின் நிறம். "தேயிலைத் தோட்டத்துல கோப்பியா? தொரைக்குத் தெரிஞ்சா உன் வீட்டுக்காரருக்கு வேலை போயிரும் லா" என்று ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி கிண்டல் செய்தார். "டீ கலர்ல ஒண்ணு பிடிச்சுக் குடுங்க கிராணியாரே, அதுக்கு டீன்னு வெக்கிறேன்" என்றாள். ஐந்து வருஷம் அவள் போன வரிசைக்கெல்லாம் அதுவும் போனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் நல்லுசாமி வந்தார். தொழிலாளர் லைன் வீடுகளின் மாடுகளுக்கு ஊசி போட மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறவர். எல்லாரும் மாட்டு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். நாய் பார்ப்பது அவர் வேலை இல்லை. இருந்தாலும் லைன் வாசலில் குந்தி, கோப்பியின் முதுகெலும்பை ஒவ்வொரு முடிச்சாகத் தடவி வந்தார். பிறகு பின்னங்கால் விரலை நகம் பதிய அழுத்திக் கிள்ளினார். கோப்பி தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தது. கால் அசையவில்லை.

"வலி தெரியுது. அது நல்லதுதான். ஆனா கால் வரல, மூர்த்தி. இழுத்து இழுத்துப் புண்ணாயிரும். மூத்திரம் கட்டும். பாவம் லா. ஒரு ஊசியில நிம்மதியா போயிரும்."

அவளுடைய கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இருந்த உயிர் இது ஒன்றுதான். இதையும் என் கையால் கொடுப்பதா என்று இருந்தது.

"அடுத்த தடவை எப்ப வருவீங்க ஐயா?"

"பிப்ரவரி கடைசி."

"அப்ப நிக்கலைன்னா நீங்க சொல்றபடி செய்யுங்க."

அவர் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். "வாக்கு மாறக்கூடாது" என்றார். மாற மாட்டேன் என்றேன்.

மண் தோண்டியதில் என் வலது தோள் பிசகியிருந்தது. அதற்காக வாரம் ஒரு நாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதன்கிழமைகளில் நவமணி என்ற பெண் தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்து கை கால் பயிற்சி கொடுப்பாள். முப்பது வயது இருக்கும். பின்பக்கத்து அறையில் இடுப்பு உயரத்தில் இரண்டு நீள மரக்கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருந்தார்கள். லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்த சீனத் தோட்டக்காரர் ஒருவர் அதற்கு நடுவே இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஆற்றைக் கடப்பவர்போல நடந்துகொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ்ஸி, எங்க சொந்தத்துல ஒண்ணுக்கு இடுப்புக்குக் கீழ வரல. வீட்டுலயே என்ன செய்யலாம்?"

"வயசு?"

"அஞ்சு."

என் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "அஞ்சு வயசுப் பிள்ளையை வீட்டுல போட்டு வெச்சிருக்கீங்களா? எங்க இருக்கு?"

"எஞ்சின் ரூம்ல. சாக்கு மேல."

"எஞ்சின் ரூம்ல?"

"நாய், மிஸ்ஸி."

கம்பிக்கு நடுவே இருந்தவர் என்ன விஷயம் என்று மலாய் மொழியில் கேட்டார். அவள் சொன்னாள். "ஆஞ்சிங்?" என்று நாய்க்கான மலாய்ச் சொல்லால் கேட்டுவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். நவமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளை ஒரு தட்டுத் தட்டினாள்.

"நான் ரெண்டு காலுக்குத்தான் படிச்சேன். அதுக்கு முன்னால இருக்குற ரெண்டும் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்ப மிச்சம் ரெண்டுதானே. கவனமாக் கேளுங்க."

அவள் சொன்னதை பஸ்ஸில் வரும்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். கால்களை சைக்கிள் மிதிப்பதுபோல மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். விரல் இடுக்குகளைத் தேய்க்க வேண்டும். பாதத்தைத் தரையில் பதியவைத்துப் பிடிக்க வேண்டும்; தரை என்று ஒன்று இருப்பதைக் கால் மறந்துவிடக் கூடாது. அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்க வேண்டும். அதையும் அவள் என் முழங்கையை நாயின் வயிறாக வைத்துக் கற்றுக்கொடுத்தாள். வெந்நீர் கிடைத்தால் இடுப்பைத் துணியால் தாங்கி நீந்தவிடலாம், தண்ணீரில் உடம்புக்குக் கனம் இல்லை என்றாள்.

வெந்நீர் என்னிடம் இருந்தது. எஞ்சினைக் குளிரவைத்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக வெளியே சிமெண்டுத் தொட்டியில் விழும். நெஞ்சளவு ஆழம். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. பத்து வருஷமாக அந்தத் தண்ணீரை நான் எஞ்சினுக்குச் சொந்தமானது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஃபாக்டரியில் கழிக்கிற தேயிலைத் தும்பைச் சாக்கில் அடைத்துக் கோப்பிக்கு மெத்தை செய்தேன். கொழுந்து எடுக்கப் போகும்போது தாமரை இடுப்பில் கட்டுகிற கெட்டிச் சாக்கை அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனைகளையும் கையில் பிடித்துத் தொட்டிக்குள் இறங்குவேன். வெளியே பனி, தொட்டியில் ஆவி. இரண்டும் கலந்துவிட்டால் தொட்டியின் அடுத்த கரை தெரியாது. கோப்பி முன்னங்கால்களால் தண்ணீரைத் தள்ளி அந்தத் தெரியாத கரையை நோக்கிப் போகும். பின்னங்கால்கள் அவிழ்ந்த துணிபோல மிதந்து வரும். எஞ்சினின் சத்தம் சுவரைத் தாண்டி வந்து தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்களாக நடுங்கும். கரை வந்ததும் திரும்புவோம். மறுபடியும் பனிக்குள் போவோம். சில நேரம் கையில் பிடித்திருந்த சாக்கின் கனம் சட்டென்று குறையும். மறுமுனையை வேறு யாரோ தாங்குவதுபோல இருக்கும். நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். பார்த்தால் ஆவிதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

டிசம்பர் முழுக்க இப்படிப் போனது. சைக்கிள், தொட்டி, வயிறு, மறுபடி சைக்கிள். கால்கள் என் கையில் கிடந்தன.

ஜனவரியில் ஒரு மத்தியானம், எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுத் திரும்பினேன். கோப்பி தும்பு மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தது. கனவு காணும் நாய்களின் உதடு துடிக்குமே, அப்படித் துடித்தது. முன்னங்கால்கள் லேசாக ஓடின. அவற்றுக்குப் பின்னால், ஒரு அடி தாமதித்து, பின்னங்கால்களும் ஓடின. பாதங்கள் மடங்கி விரிந்தன. ஈரமான பாதையில் ஏறுகிற ஓட்டம் அது. எங்கே போகிறது, யார் பின்னால் போகிறது என்று நான் கேட்க வேண்டியதில்லை. எண்ணெய்க் குடுவையைக் கீழே வைத்தால் சத்தம் வரும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போய்ச் சேரும்வரை எழுப்பக் கூடாது என்று பட்டது.

புதன்கிழமை நவமணியிடம் சொன்னேன்.

"தூக்கத்துல ஓடுதா? அப்ப உள்ள வழி அடைபடல. முழிச்சா மறந்துருது, அவ்வளவுதான். இனிமே நிக்க வைங்க. இந்தக் கம்பி மாதிரி ரெண்டு பக்கமும் ஏதாச்சும் வேணும்."

இரண்டு பக்கமும் ஏதாவது என்றால் எங்கள் தோட்டத்தில் அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஃபாக்டரிக்கு எதிரே ரெண்டாம் நம்பர். செடிகள் இடுப்பு உயரம், மேலே இலைகள் ஒன்றோடொன்று கோத்துப் பாய் விரித்ததுபோல இருக்கும். வரிசைக்கு நடுவே நாய் போகிற அளவுக்கு ஒரு பொந்து. கோப்பியை இந்த முனையில் உள்ளே விட்டுவிட்டு, நான் சுற்றிப்போய் அந்த முனையில் நின்று கூப்பிடுவேன். நாய் தெரியாது. இலைகளின் மேல்பரப்பில் ஒரு அசைவு மட்டும் என்னை நோக்கி வரும், குளத்தில் மீன் வருவதுபோல. முதல் நாள் அரை மணி நேரம் ஆனது. மூன்றாம் வாரத்தில் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிராணியிடம் சொன்னேன், லைனில் சொன்னேன். நல்லுசாமி வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது.

பாஞ்சாலை பார்க்க வந்தாள். தாமரைக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்தவள். வாய் கொஞ்சம் அதிகம். இலை அசைந்து வருவதை நின்று பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து, செடிக்கு அடியில் தலையை விட்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"அண்ணே, இங்க வந்து குனிஞ்சு பாருங்க."

பார்த்தேன். கிளைகள் இரண்டு பக்கமும் நாயின் இடுப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. முன்னங்கால்கள் இழுத்தன. பின்னங்கால்கள் மண்ணில் படாமல் தொங்கின.

"நாய் நடக்கல அண்ணே. செடி தூக்கிட்டுப் போகுது."

கோப்பியைத் தூக்கிக்கொண்டுபோய் ஃபாக்டரி வாசலில் வெறுந்தரையில் நிறுத்தினேன். பின்பாதி உடனே சரிந்தது. மூன்று வாரம் நான் இலையைப் பார்த்து நடை என்று நினைத்திருக்கிறேன். எஞ்சின்காரனுக்கு ஊசிமுள் அசைந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்றுதான் பழக்கம். வயலில் ஒரு நாள் வேலை செய்தவன்கூட முதலில் குனிந்து பார்த்திருப்பான்.

"மூஞ்சிய இப்படி வெச்சுக்காதீங்க" என்றாள் பாஞ்சாலை. "ரெண்டாம் நம்பர்ல செடிய வெட்டிக் கவாத்து போட்டு நாலு வருசம் ஆச்சு. அடைஞ்சுதான் கிடக்கும். ஆறாம் நம்பர் ரெண்டு வருசத்துச் செடி. கிளை தொடும், தூக்காது. அதுல ஒரு வாரம் விடுங்க. அப்புறம் இந்த வருசம் கவாத்து போட்டதுல விடுங்க. அது வெறும் குச்சி, முட்டி உசரம். சாய்ஞ்சா முட்டுக் குடுக்கும், அவ்வளவுதான்."

"இந்த வருசம் எதுல போட்டாங்க?"

அவள் காலால் மண்ணைக் கிளறினாள்.

"ஒம்பதுலண்ணே. மிச்சம் இருந்ததுல."

"வேற இல்லையா?"

"இந்த வருசம் அது ஒண்ணுதான்."

நவம்பருக்குப் பிறகு நான் ஒன்பதாம் நம்பர் பக்கம் போனதில்லை. தொழிற்சாலையிலிருந்து லைனுக்குப் போகக்கூட சுற்றுவழிதான்.

ஆறாம் நம்பர் தூரம். தாமரையின் கூடையில் கோப்பியை உட்காரவைத்து முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். தலை மட்டும் என் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பெண்களுக்கு விடியற்காலையில் அது ஒரு பொழுதுபோக்கு.

"கங்காணி, இங்க வந்து பாருங்க, அண்ணன் கொழுந்து குரைக்குது லா!"

"முத்தின இலையா இருக்கும்டி, தள்ளிப் போடு."

"நிறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

கோப்பி அவர்கள் பக்கம் பார்த்து மரியாதையாக ஒரு குரை குரைக்கும். என் முகத்தில் சிரிப்பு வந்ததை அந்தக் காலையில்தான் கவனித்தேன். தாமரை இருந்திருந்தால் அவர்கள் எல்லாரையும்விடப் பலமாகச் சொல்லியிருப்பாள்.

ஆறாம் நம்பரில் பாஞ்சாலை சொன்னபடிதான். கிளைகள் தொட்டன, தூக்கவில்லை. கோப்பி விழுந்தது, எழுந்தது. ஒரு வாரத்தில் பின்னங்கால்கள் பாதம் பதித்தன. ஆடுகிற பலகையில் நிற்பதுபோல நடுங்கின, ஆனால் நின்றன.

எட்டாம் நாள் ஒன்பதாம் நம்பருக்குப் போனேன். பனி மெல்லியதாக இருந்தது. கவாத்துப் போட்ட செடிகள் வெள்ளை வெட்டுவாயோடு முட்டி உயரத்தில் வரிசை வரிசையாகப் போயின. மறைக்க இலை இல்லாததால் வயலின் கடைசிவரை தெரிந்தது. வரிசைகள் எல்லாம் ஒரு கோட்டில் சட்டென்று நின்றன. அதற்கு அப்பால் செம்மண்.

குச்சி கிழிக்காமல் இருக்கக் கோப்பியின் இடுப்பில் சாக்கைக் கட்டினேன். கடைசி வரிசையில் இறக்கிவிட்டேன். எந்த வரிசை என்று நான் தீர்மானிக்கவில்லை, கால் அங்கே வந்து நின்றது. கூப்பிடவும் இல்லை. கோப்பி மூக்கைத் தாழ்த்திக் கொஞ்சம் நடந்தது. இடப்பக்கம் சாய்ந்து ஒரு குச்சியில் முட்டி நிமிர்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை மண்ணோடு மண்ணாகக் குனிந்து, கால்களை மட்டும் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஐந்து நாள் அதே வரிசையில் போனோம், வந்தோம். போகப் போகக் குச்சியில் முட்டுகிற சத்தம் குறைந்தது.

ஆறாம் நாள் அது வரிசையின் முனையில் நிற்கவில்லை. செடி முடிந்த இடத்தைத் தாண்டி செம்மண்ணில் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. நான் எழுந்துவிட்டேன். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா வேண்டாமா என்று கை தவித்தது. கோப்பி நான்கு காலில் நின்று மண்ணை முகர்ந்தது. அழும், தோண்டும், ஊளையிடும் என்று நான் எதையெதையோ எதிர்பார்த்திருக்க வேண்டும். அது முகர்ந்து முடித்து, பின்பாதியைக் கொஞ்சம் தாழ்த்தி, நின்றபடியே மூத்திரம் பெய்தது.

மூன்று மாதம் என் கை செய்த வேலை. அந்த இடத்திலா என்று ஒரு கணம் பதறினேன். அடுத்த கணம் தாமரை வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிந்தது. செம்மண்ணில் ஆவி எழுந்து பனியில் கலந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, நவம்பரிலிருந்து அழாததை அழுதேன். கோப்பி வந்து என் காதை நக்கிவிட்டு, நான் எழுவதற்காகக் காத்திருந்தது. வீட்டுக்கு அந்த வழியாகவே போனோம்.

நல்லுசாமி பிப்ரவரி கடைசி வியாழன் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மாட்டுக் கொட்டகைக்குக்கூடப் போகாமல் பையோடு நேராக என் வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "என்ன மூர்த்தி, யோசிச்சு வெச்சிட்டியா?" என்றார்.

கோப்பி வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்து அவரைப் பார்த்துக் குரைத்தது. விரல் கிள்ளியதை மறக்கவில்லை போல.

"இது வேற நாயா?"

"அதே நாய்தான் ஐயா."

அவர் குந்தி, முதுகெலும்பை மறுபடியும் முடிச்சு முடிச்சாகத் தடவினார். இடது பின்னங்காலைத் தூக்கிவிட்டார். அது சோர்ந்து மெதுவாக இறங்கியது.

"இது இனிமே இப்படித்தான் இருக்கும். இழுக்கும்."

"இழுக்கட்டும்."

"யார் வைத்தியம்?"

"ரெண்டு காலுக்குப் படிச்ச ஒரு மிஸ்ஸி. அப்புறம் பாஞ்சாலை."

எந்தப் பாஞ்சாலை, கொழுந்து எடுக்குற பாஞ்சாலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பையைத் திறக்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீ குடித்துவிட்டு மாடுகளைப் பார்க்கப் போனார்.

இதை எழுதுகிற 1985-இல் எஞ்சின் ஓய்ந்து இரண்டு வருஷமாகிறது. தோட்டத்துக்குக் கரண்டு வந்துவிட்டது. எனக்கு இப்போது ஸ்டோரில் வேலை. தொட்டியில் மழைத்தண்ணீரும் தவளைகளும்தான். நவமணி கல்யாணமாகி சிரம்பான் போய்விட்டாள் என்று கேள்வி. ஒன்பதாம் நம்பரில் சரிந்த இடத்துக்குப் படிகட்டிப் புதுச்செடி வைத்தார்கள். அதிலும் கொழுந்து எடுக்கிறார்கள். கோப்பிக்குப் பன்னிரண்டு வயது. மூஞ்சி நரைத்துவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. தொட்டுத்தான் எழுப்ப வேண்டும்.

இடது பின்னங்கால் அப்படியேதான் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் அது நடந்து வரும்போது மூன்று கால் தட்டுகிற சத்தம் கேட்கும். நான்காவது இழுபடும்.